சீட்டு இல்லாமல் அசையக் கூடாத கழிவு

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை சோதனைச்சாவடியில் கழிவு ஏற்றி வந்த லாரி பிடிபட்டது என்ற செய்தியைப் படிக்காதவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்க முடியாது. கோழிக்கழிவு, இறைச்சிக் கழிவு, சில நேரம் ஆஸ்பத்திரிக் கழிவு. 2024 டிசம்பரில் திருநெல்வேலிக்குப் பக்கத்துக் கிராமங்களில் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்தபோது, அது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தது அந்தக் குப்பைக்குள்ளேயே கிடந்த நோயாளிகளின் சீட்டுகள்தான். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. கேரளத்திலிருந்து வண்டிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின.

அப்போது பலர் கவலையோடு கேட்ட கேள்வி ஒன்று உண்டு. தைராய்டுக்கும் புற்றுநோய்க்கும் கதிரியக்க மருந்து கொடுக்கிறார்களே, அந்தக் கழிவும் இப்படித்தான் ராத்திரியில் எங்கேயாவது போகுமா? நான் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் நேராகவே வரும். அந்தக் கழிவுக்கென்று தனிச் சட்டமும் தனிக் காகிதங்களும் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவை ஆபீஸ் சம்பிரதாயம் போலத் தெரியும். ஆனால் கதிர்வீச்சுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, தொட்டால் சூடும் தெரியாது. ஒரு இரும்பு உருளையைக் கையில் எடுப்பவர் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எழுத்தைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் இந்தக் காகிதங்களை ஈயக் கவசத்துக்குச் சமமாக நான் மதிக்கிறேன்.

தனிச் சட்டம்

மருத்துவக் கழிவுக்கான 2016 விதிகள் தொடக்கத்திலேயே ஒரு விலக்கைச் சொல்கின்றன: அணுசக்திச் சட்டத்தின் கீழ் வரும் கதிரியக்கக் கழிவுக்கு இவை பொருந்தா. அதாவது மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்து, பார்கோடு ஒட்டி, வண்டியில் ஏற்றி அனுப்பும் வழக்கமான ஏற்பாட்டுக்குள் இது வராது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மருத்துவக் கழிவு அனுமதி கையில் இருக்கிறது என்பதால் கதிரியக்கம் உள்ள ஒரு ஊசியைக்கூட அந்த வண்டியில் ஏற்ற முடியாது.

இதற்கான சட்ட அடித்தளம் 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்திலிருந்து வந்தது. அதன் கீழ் எழுதப்பட்ட இரண்டு விதித் தொகுப்புகளை ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் தெரிந்து வைத்தால் போதும்: கதிரியக்கக் கழிவுகளைப் பாதுகாப்பாக அகற்றுவதற்கான 1987 விதிகள், கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான 2004 விதிகள். இவற்றை நடைமுறைப்படுத்துவது மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1983இல் அமைந்தது. தென்மாநிலங்களுக்கான அதன் மண்டல மையம் சென்னையில் இருக்கிறது.

1987 விதிகளின் உயிர்நாடி நான்கு தடைகள். அனுமதி இல்லாமல் கழிவை அகற்றக் கூடாது. அனுமதியில் சொன்ன முறையைத் தவிர வேறு முறையில் கூடாது. சொன்ன இடத்தைத் தவிர வேறு இடத்தில் கூடாது. சொன்ன அளவுக்கு மேல் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு காகிதமும் இந்த நான்கில் ஏதோ ஒன்றுக்குச் சாட்சி சொல்வதற்காகவே இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் படிவங்களைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

யாரிடமிருந்து வருகிறது

கதிரியக்கக் கழிவு என்றதும் நம் பக்கத்தில் எல்லாருக்கும் கூடங்குளம் நினைவுக்கு வரும். அது திருநெல்வேலி மாவட்டம். அணுமின் நிலையத்தின் கழிவு ஏற்பாடும் தனி. இங்கே பேசுவது குறைநிலைக் கழிவு, அதாவது கதிரியக்கம் குறைவாக உள்ள கழிவு பற்றி. அயோடின் மருந்து கொடுத்த ஊசி, குப்பி, கையுறை, பஞ்சு, நோயாளி பயன்படுத்திய டிஷ்யூ, ஆய்வகத்தில் கறைபட்ட காகிதம் இவையெல்லாம் அதில் அடங்கும். இவற்றோடு இன்னொரு வகையையும் சேர்த்துப் பேச வேண்டும்: ஆயுள் முடிந்த மூடிய மூலங்கள், அதாவது உறைக்குள் அடைத்த கதிர்வீச்சுப் பொருள்கள். குழாய் வெல்டிங்கைப் படமெடுத்துச் சோதிக்கும் இரிடியம்-192, சாலை போடும்போது மண்ணின் இறுக்கத்தை அளக்கும் கருவிக்குள் இருக்கும் சீசியம்-137, கல்லூரி இயற்பியல் ஆய்வகத்து அலமாரியில் சின்ன வட்டில் போலக் கிடக்கும் சோதனை மூலம். எல்லாமே இறுக மூடிய உறைக்குள் அடைபட்டவை. உறை சிதையாத வரை கறை படாது, சிந்தாது; ஆனால் தொலைந்தால் பெரிய ஆபத்து.

காத்திருக்கும் கழிவு

ஆஸ்பத்திரிக் கழிவில் பெரும்பகுதி எங்கும் பயணம் போவதில்லை. இருந்த இடத்திலேயே பூட்டிய அறையில் காத்திருந்து செயலிழக்கிறது. எலும்பு ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். பெட் ஸ்கேனின் ஃபுளோரின்-18க்கு அந்தக் காலம் 110 நிமிடம். தைராய்டுக்கான அயோடின்-131க்கு 8 நாள். இப்படிப் பத்து முறை பாதியானால் மிஞ்சுவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே அயோடின் பையை 80 நாளாவது வைத்திருக்க வேண்டும் என்பது கையில் பிடிக்க வசதியான கணக்கு.

கணக்கு மட்டும் போதாது என்பதற்கு லுட்டீசியம்-177 நல்ல உதாரணம். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், 6.65 நாள். ஆனால் அதைத் தயாரிக்கும் முறையைப் பொறுத்து, 160 நாள் அரை ஆயுள் கொண்ட லுட்டீசியம்-177எம் என்ற கலப்பும் மிகச் சிறிதளவு கூடவே வரலாம். காலண்டரை மட்டும் நம்பி 67ஆம் நாள் பையை வெளியே எடுத்தால் கதிர்வீச்சை அளக்கும் மீட்டரின் முள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். அதனால் காத்திருப்பு முடிந்தாலும் அளந்து பார்த்த பிறகே பை வெளியேறும்.

இந்தக் காத்திருப்புக்கான காகிதம் ஒரு பதிவேடு. பை எண், எந்த ஐசோடோப்பு (அயோடின்-131 போன்ற கதிரியக்கப் பொருள்), சேர்த்து மூடிய தேதி, அன்றைய மதிப்பீட்டு அளவு, பையின் மேற்பரப்பில் மீட்டர் காட்டியது, எந்தத் தேதிக்குப் பிறகு அளக்கலாம், அளந்தபோது காட்டியது, யார் அளந்தார், கையெழுத்து. ஒரே பையில் டெக்னீசியத்தையும் அயோடினையும் கலந்து போட்டால், இரண்டரை நாளில் போக வேண்டிய குப்பை மூன்று மாதம் அறையை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஐசோடோப்பு வாரியாகப் பிரிக்கும் பழக்கம் பதிவேட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

நம் மாவட்டத்துக்கென்றே இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அளவு சுற்றுப்புற அளவுக்கு இறங்கிவிட்டது என்று எழுதிவிட்டுப் பையை வெளியே அனுப்புவது எல்லா ஊரிலும் நடப்பது. ஆனால் மணவாளக்குறிச்சி, மிடாலம் போன்ற கடலோர ஊர்களில் மணலில் இருக்கும் தோரியத்தால் சுற்றுப்புறக் கதிர்வீச்சே உள்நாட்டு ஊர்களைவிடப் பல மடங்கு கூடுதல். தோவாளைப் பக்கம் காட்டும் எண் வேறு, அலையடிக்கும் கரையில் காட்டும் எண் வேறு. எனவே வெறுமனே ‘சுற்றுப்புற அளவு’ என்று எழுதுவதற்குப் பொருளே இல்லை. எந்த இடத்தில், எந்த மீட்டரில், பை அருகில் இல்லாதபோது எவ்வளவு காட்டியது, அந்த மீட்டர் கடைசியாக எப்போது அளவுதிருத்தம் செய்யப்பட்டது என்ற நான்கையும் எழுதினால்தான் அந்த வரி சாட்சியாக நிற்கும். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் நான் முதலில் வற்புறுத்துவது இதைத்தான்.

அளந்து, அளவு சரியென்று கண்ட பிறகு பையின் மேலிருக்கும் மூவிதழ் எச்சரிக்கைச் சின்னத்தைக் கிழித்து அழிக்க வேண்டும். செயலிழந்த பை அந்தச் சின்னத்தோடு பொதுக் குப்பையில் போனால் வழியில் பார்ப்பவர் பதறுவார். இரண்டு முறை அப்படிப் பதறி ஏமாந்தவர், மூன்றாம் முறை உண்மையான ஆபத்தைக் கண்டாலும் அசைய மாட்டார். அந்தச் சின்னத்தின் மேல் ஊரார் வைத்திருக்கும் பயத்தை நாம் வீணாக்கக் கூடாது.

பயணப்பட வேண்டிய கழிவு

மூடிய மூலங்களின் கதை வேறு. கோபால்ட்-60 பாதியாக 5.27 ஆண்டு ஆகும். சீசியம்-137க்கு 30 ஆண்டு. அமெரிசியம்-241க்கு 432. இவற்றை அறையில் வைத்துக் காத்திருந்து தீர்க்க முடியாது. அனுப்பித்தான் ஆக வேண்டும்.

நிலம் வாங்கும்போது மூலப்பத்திரத்திலிருந்து வில்லங்கச் சான்று வரை தொடர்ச்சி அறுந்திருக்கிறதா என்று பார்ப்போம் அல்லவா, ஒரு மூலத்தின் காகிதங்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். இங்கே மூலப்பத்திரம் என்பது, தயாரித்தவர் கொடுத்த மூலச் சான்றிதழ். வரிசை எண், ஐசோடோப்பு, எந்தத் தேதியில் எவ்வளவு செயல்திறன் (கதிரியக்க அளவு) என்ற விவரம் அதில் இருக்கும். இன்றைய அளவை அந்தத் தேதியிலிருந்து கணக்கிட்டு எடுக்கலாம். பழைய சான்றிதழ்களில் அளவு கியூரியில் இருக்கும். இன்றைய படிவங்கள் பெக்கரலில் கேட்கும். 1 மில்லிகியூரி என்றால் 37 மெகாபெக்கரல். இந்த ஒரு மாற்றத்தில் பூஜ்ஜியம் கூடிக் குறைந்து போவதை அடிக்கடி பார்க்கிறோம். எழுதியவரைத் தவிர இன்னொருவரும் உட்கார்ந்து சரிபார்ப்பது நல்லது.

சான்றிதழுக்கு அடுத்தது, அதை வைத்திருக்க உங்களுக்கு இருக்கும் உரிமம். 2013 முதல் இந்த வேலைகள் வாரியத்தின் ‘ஈ-லோரா’ என்ற இணையத் தளத்தில் நடக்கின்றன. நிறுவனத்தின் பெயர், ஒவ்வொரு மூலத்தின் இருப்பு, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் யார் என்பவை அங்கே பதிவாகியிருக்கும். ஆர்.எஸ்.ஓ. என்று எல்லாரும் சொல்வது இந்த அலுவலரைத்தான். நிறுவனம் தானாக ஒருவரை உட்காரவைத்துவிட முடியாது. வாரியம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு வருவதைப் பலர் கடைசியில் தேடுவார்கள். தேட வேண்டியது முதலில். மூலத்தை ஏற்றுக்கொள்பவரின் சம்மதம் அது. மூலத்தை விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்வது பொதுவான ஏற்பாடு. நவி மும்பை வாஷியில் இருக்கும், மூலங்களை வழங்கும் அணுசக்தித் துறை அமைப்பான ‘பிரிட்’ கொடுத்ததென்றால் அங்கே. வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் தயாரித்தவரிடமே ஏற்றுமதியாக, அதற்கும் அனுமதி வாங்கி. இரண்டுக்கும் வழியில்லை என்றால் அணுசக்தித் துறையின் கழிவு மேலாண்மை நிலையம். சம்மதக் கடிதம் கையில் இல்லாமல் வண்டி பேசுவது வீண் வேலை. அந்தக் கடிதமும் மூல விவரமும் சேர்ந்துதான் ஈ-லோராவில் அனுப்புவதற்கான அனுமதி கேட்க முடியும்.

இந்தத் தொடர்ச்சி அறுந்தால் என்ன ஆகும் என்பதை டெல்லி மாயாபுரி காட்டியது. டெல்லி பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் கோபால்ட்-60 கொண்ட ஒரு காமா கருவி பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்தது. 2010 பிப்ரவரியில் அது பழைய இரும்போடு ஏலத்தில் போனது. மாயாபுரி சந்தையில் அதைப் பிரித்தார்கள். ஏப்ரலில் ஒருவர் உயிரிழந்தார். பலர் கதிர்வீச்சுப் பாதிப்போடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஏலத்துக்கு முன்னால் பொருள் பட்டியலை இருப்புப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்திருந்தால், கருவியைப் பயன்பாட்டிலிருந்து விலக்கும் செயல்நீக்க அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் போயிருந்தால், அந்தக் கருவி கேட்டைத் தாண்டியிருக்காது. இறந்தவர் கூலிக்கு இரும்பு உடைத்த ஒரு தொழிலாளி. அவருக்கு எந்தக் காகிதத்தையும் யாரும் காட்டவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறாது.

சீட்டும் லேபிளும்

அனுமதி வந்துவிட்டது, பெட்டியில் வைத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பெட்டி எந்த வகை என்பது உள்ளே இருக்கும் அளவைப் பொறுத்தது. மிகச் சிறிய அளவுக்கு விலக்குப் பெற்ற சிப்பம், கறைபட்ட குப்பைக்குத் தொழிற்சாலைச் சிப்பம், அதற்கு மேல் ஏ வகை, பெரிய மூலங்களுக்கு பி வகை. பி வகைப் பெட்டி கீழே விழுந்தாலும் தீயில் வெந்தாலும் தாங்கும் என்று சோதித்துச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். மூடிய மூலமென்றால் கசிவு இல்லை என்பதற்குத் துடைப்புச் சோதனை முடிவும் கூட வேண்டும்.

இப்போது முக்கியமான காகிதம்: அனுப்புபவரின் உறுதிமொழி. கன்சைனர் டிக்ளரேஷன் என்று சொல்வார்கள். உலகம் முழுக்க ஒரே மாதிரியான ஐ.நா. எண், சரக்கின் முறையான பெயர், ஆபத்து வகுப்பு 7 (கதிரியக்கப் பொருள்), ஐசோடோப்பின் பெயர், அது திடமா திரவமா அல்லது சோதித்த உறைக்குள் அடைத்ததா, அதிகபட்சச் செயல்திறன் பெக்கரலில், சிப்பத்தின் வகை, லேபிள் வகை, போக்குவரத்துக் குறியெண், அனுப்புபவர், பெறுபவர் இவ்வளவும் அதில் வரும். ஏ வகைச் சிப்பத்துக்கு 2915, சோதித்த உறைக்குள் அடைத்த மூலத்துடன் போகும் ஏ வகைக்கு 3332, மிகக் குறைந்த செறிவுள்ள முதல் நிலைப் பொருளுக்கு 2912 என்று எண்கள். கீழே, உள்ளே இருப்பதைச் சரியாகவும் முழுமையாகவும் விவரித்திருக்கிறேன், முறைப்படி கட்டியிருக்கிறேன், லேபிள் ஒட்டியிருக்கிறேன் என்ற வாசகம், கையெழுத்து, தேதி. வண்டிக்காரர் மேல் பழியைத் தள்ள முடியாதபடி பொறுப்பை அனுப்புபவர் தலையில் வைக்கும் கையெழுத்து அது.

லேபிள் விஷயத்தில் புதியவர்கள் தடுமாறுவார்கள். கொஞ்சம் நின்று பார்ப்போம். இரண்டு அளவுகள் எடுக்க வேண்டும்: பெட்டியின் மேற்பரப்பில் எங்கே அதிகமோ அங்கே ஒன்று, பெட்டியிலிருந்து 1 மீட்டர் தள்ளி ஒன்று. 1 மீட்டர் அளவை, மணிக்கு எத்தனை மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று எடுத்து 100ஆல் பெருக்கினால் வருவதே போக்குவரத்துக் குறியெண். மேற்பரப்பில் மணிக்கு 0.005 மில்லிசீவர்ட்டுக்குள்ளும் குறியெண் பூஜ்ஜியமாகவும் இருந்தால் வெள்ளை-1. மேற்பரப்பில் 0.5க்குள்ளும் குறியெண் 1க்குள்ளும் இருந்தால் மஞ்சள்-2. மேற்பரப்பில் 2 வரை, குறியெண் 10 வரை இருந்தால் மஞ்சள்-3.

ஒரு பெட்டியின் மேற்பரப்பில் 0.2, 1 மீட்டரில் 0.006 என்று மீட்டர் காட்டினால் குறியெண் 0.6. மஞ்சள்-2 போதும். அதே 0.2 மேற்பரப்பில் இருந்து, 1 மீட்டரில் 0.012 காட்டினால் குறியெண் 1.2 ஆகிவிடும். மேற்பரப்பு அளவு இரண்டாம் வகையைச் சொல்கிறது, குறியெண் மூன்றாம் வகையைச் சொல்கிறது. அப்படி மோதும்போது பெரிய வகையைத்தான் ஒட்ட வேண்டும். எதிரெதிர் பக்கங்களில் இரண்டு லேபிள். அதில் கையால் எழுதும் எண்ணும் உறுதிமொழிச் சீட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வண்டியில் பல பெட்டிகள் போனால் எல்லாவற்றின் குறியெண்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். பொதுச் சரக்கோடு போகும் சாலை வண்டிக்கு அந்தக் கூட்டுத்தொகை 50ஐத் தாண்டக் கூடாது.

காலிப் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூலத்தை எடுத்துவிட்டோமே, வெறும் டப்பாதானே என்று நினைக்க வேண்டாம். வெல்டிங் சோதனைக் கேமரா போன்ற பலவற்றில் கவசமாக இருப்பதே செறிவு குறைந்த யுரேனியம். மூலம் போன பிறகும் அந்தக் கவசம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள்தான். காலியாகப் போனாலும் அதற்கென்று ஐ.நா. எண்ணும் சீட்டும் உண்டு.

ஓட்டுநர் கையில் என்ன இருக்க வேண்டும்

மோட்டார் வாகன விதிகளின்படி ஆபத்தான சரக்கு ஏற்றும் ஓட்டுநருக்குத் தனிப் பயிற்சி வேண்டும், லைசன்ஸில் அதற்கான பதிவும் வேண்டும். கையில் ‘ட்ரெம் கார்டு’ என்ற அவசரகால அட்டை இருக்க வேண்டும். உள்ளே என்ன, விபத்து நடந்தால் என்ன செய்வது, யாருக்குப் போன் செய்வது என்று அதில் இருக்கும். அதன் இடம் ஓட்டுநரின் கேபின். சரக்கோடு சேர்த்துக் கட்டிவிட்டால், வண்டி கவிழ்ந்து தீப்பிடிக்கும்போது எச்சரிக்கை அட்டையே எரிந்துபோகும்.

“சாரே, இத பின்னால வெச்சு ஓட்டுனா எனக்கு ஒண்ணும் வராதா?” என்று கேட்காத ஓட்டுநர் கிடையாது. கேட்க வேண்டிய கேள்வி. “கேளு தம்பி, இந்த லேபிள்ல எழுதியிருக்குற எண்ணு ஒனக்காகத்தான்” என்று சொல்லி, அவர் முன்னாலேயே மீட்டரைக் கேபினில் வைத்துக் காட்டுவதுதான் சரியான பதில். அளந்த எண்ணைக் கண்ணால் பார்த்தவர் பயந்து வண்டியை வழியில் விட்டுவிட்டுப் போக மாட்டார். சரக்கின் மேல் உட்கார்ந்து வரும் கிளீனரையும் அவரே இறக்கிவிடுவார்.

அட்டையும் எழுத்துக் குறிப்பும் ஓட்டுநர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஓட்டுநர்கள் பலர் மலையாளமும் சரளமாகப் படிப்பார்கள். வடக்கே போகும் வண்டிக்கு இந்தி ஓட்டுநர் வரலாம். ஆங்கிலத்தில் மட்டும் அச்சடித்துக் கொடுத்துவிட்டு விதியை நிறைவேற்றிவிட்டோம் என்பது மனச்சாட்சிக்கு ஒத்துவராது. காற்று வரும் திசையில் நின்றுகொண்டு ஆட்களை விலக்குங்கள் என்று அட்டையில் ஒரு வரி இருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடிக் காற்றில் வண்டி ஓட்டியவருக்கு அந்த வரியின் அருமை தெரியும். ஆனால் அது அவருக்குப் புரியும் மொழியில் இருந்தால்தான்.

நம் கடற்கரை மணல்

மணவாளக்குறிச்சி மணலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தாதுவைக் கண்டார். கயிற்றோடு ஒட்டிக் கடல் கடந்தபோது எந்தச் சரக்குச் சீட்டிலும் அதன் பெயர் இருந்திருக்காது. இன்று மோனசைட் அணுசக்திச் சட்டம் குறித்துவைத்த பொருள். மாவட்டத்துக்குள் அதைப் பிரித்தெடுக்கும் வேலை பொதுத்துறையான ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்திடம் இருக்கிறது.

மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம் வரை உண்டு. ஒரு கிராம் தோரியத்தில் வினாடிக்குச் சுமார் 4,000 சிதைவுகள் நடப்பதால், ஒரு கிராம் மோனசைட்டில் தோரியம்-232 கணக்கு மட்டுமே 280 பெக்கரலுக்குக் குறையாது. இயற்கைத் தோரியத்துக்குப் போக்குவரத்து விதிகள் வைக்கும் விலக்கு வரம்பு கிராமுக்கு 1 பெக்கரல். கதிரியக்கத் தனிமங்களை எடுக்கும் நோக்கமில்லாத இயற்கைத் தாதுவென்றால் அதைப் போலப் பத்து மடங்கு வரை சலுகை. மோனசைட் இரண்டு வரம்பையும் எங்கோ தாண்டி நிற்கிறது. எனவே அது கழிவாக இல்லாவிட்டாலும் வகுப்பு 7 சரக்குக்குரிய சீட்டோடுதான் சாலையில் போக முடியும். மற்ற தாதுக்களைப் பிரித்த பிறகு மிஞ்சும் மோனசைட் கலந்த மணலைக் குழியில் இட்டு மேலே சாதாரண மணல் மூடி வைப்பது வழக்கம். எந்தக் குழியில், எவ்வளவு, மூடிய பிறகு மேலே அளவு எவ்வளவு என்ற பதிவுகள் அங்கேயும் கட்டாயம். சுரங்க விரிவாக்கத்தைப் பற்றி நம் கடலோர மக்கள் கேட்கும் கேள்விகளில் இந்தப் பதிவேடுகளைக் காட்டுங்கள் என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். கேட்பதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

பயணம் முடியும் இடம்

தெற்கே குறைநிலைக் கழிவைக் கையாளும் பெரிய இடம் கல்பாக்கத்தில் இருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் மையக் கழிவு மேலாண்மை நிலையம். எரிக்கக் கூடியதை எரித்து, அமுக்கக் கூடியதை அமுக்கி, சிமெண்டோடு கலந்து இறுக்கி, கான்கிரீட் அகழிகளில் நிலமட்டத்துக்கு அருகிலேயே வைப்பார்கள். சுற்றிலும் ஆழ்துளைக் குழிகளில் நிலத்தடி நீரைச் சோதித்துக்கொண்டிருப்பார்கள். இப்படிப்பட்ட அகழிகளை 300 ஆண்டு கண்காணிக்க வேண்டும் என்பது கணக்கு. சீசியம்-137இன் 30 ஆண்டு அரை ஆயுளைப் பத்தால் பெருக்கினால் வருவது அதுதான். ரேடியம், அமெரிசியம் போன்ற நீண்ட ஆயுள் கொண்டவற்றுக்கு இந்த அகழி இறுதி இடம் ஆகாது.

300 ஆண்டு என்றால் திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்த 1729ஐ ஒட்டிய காலம் வரை பின்னோக்கிப் போகிறோம். அந்தக் காலத்து மதிலகம் ஓலைகளை, அதாவது திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் ஓலைப் பதிவுகளை, இன்றும் படிக்க முடிகிறது. அதே மாதிரி, இன்று நாம் எழுதும் அகழிப் பதிவை, 300 ஆண்டு கழித்து யார் ஆண்டாலும், ஒருவர் எடுத்துப் படித்து இங்கே தோண்டாதே என்று சொல்ல முடிய வேண்டும். நிலையத்துக்குள் கழிவு வரும்போது, என்ன வந்தது, யாரிடமிருந்து, எவ்வளவு என்ற விவரங்களை அவர்கள் இவ்வளவு கறாராகக் கேட்பது அதற்காகவே.

அனுப்பியவருக்கு அங்கிருந்து திரும்பி வர வேண்டியவை இரண்டு. சரக்கு வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை, பொறுப்பை ஏற்றுக்கொண்டோம் என்ற அகற்றல் சான்று. சான்றை ஈ-லோராவில் ஏற்றி, இருப்புப் பட்டியலிலிருந்து அந்த மூலம் நீங்கிய பிறகே கணக்கு முடிகிறது. லாரி கேட்டைத் தாண்டியதும் கோப்பை அலமாரியில் வைத்துவிடும் பழக்கம் ஆபத்தானது. வண்டி போய்ச் சேரவில்லை என்றால் முதலில் தெரிய வேண்டியது அனுப்பியவருக்குத்தான். மூலம் காணாமல் போனால் 24 மணி நேரத்துக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆகவே சேர வேண்டிய நாளைக் காலண்டரில் குறித்துவைத்து, அன்று மாலை போன் செய்து கேளுங்கள்.

இதைப் படிக்கும் கல்லூரி ஆசிரியர்கள், பழைய கிளினிக்கை விலைக்கு வாங்கியவர்கள், ஆய்வகப் பொறுப்பாளர்கள் யாரிடமாவது, மூவிதழ்ச் சின்னத்தோடு, எந்தச் சான்றிதழும் இல்லாமல் ஒரு டப்பா கிடக்கலாம். முன்பிருந்தவர் ஓய்வு பெற்றிருப்பார், கோப்பு கிடைத்திருக்காது. அதைத் திறக்காதீர்கள், அறை மாற்றாதீர்கள், இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அறையைப் பூட்டி, சாவி யாரிடம் என்று எழுதிவையுங்கள். மேலே தெரியும் எண்ணையும் எழுத்தையும் தூரத்திலிருந்து படம் எடுத்து, சென்னையில் இருக்கும் மண்டல மையத்துக்கோ மும்பை வாரியத்துக்கோ எழுதுங்கள். யார் வாங்கினார், எப்போது வாங்கினார் என்று தெரியாவிட்டாலும், தெரியாது என்பதையே எழுதுங்கள். அளந்து பார்க்கவும், என்னவென்று கண்டுபிடித்து எடுத்துப் போகவும் அவர்களிடம் வழி இருக்கிறது. உங்கள் ஊரில் இந்த மீட்டரோடு வேலை செய்யும் ஆர்.எஸ்.ஓ. யாராவது இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள், கூப்பிட்டால் வருவோம்.